உங்களுக்குத் தெரியுமா? ஒரு முறை நட்டால் ஆண்டாண்டாய்ப் பூக்கும் செடிகள்

லண்டனில் கல்வாழை வளர்ப்பவர்கள் குளிர் வருமுன் கிழங்கைத் தோண்டி எடுத்து, மண்ணை உதிர்த்து, உறைபனி எட்டாத அறையில் பத்திரப்படுத்தி, வசந்தம் வந்ததும் மறுபடி நடுகிறார்கள். நித்தியகல்யாணியை ஆண்டுதோறும் புதிதாக வாங்கி நட்டு, குளிரில் செத்ததும் பிடுங்கிப் போடுகிறார்கள். நம் ஊரில் கல்வாழை வாய்க்கால் ஓரத்தில் கேட்பாரின்றி நிற்கிறது. நித்தியகல்யாணி சுடுகாட்டில்கூடப் பூக்கிறது. உறைபனியே இல்லாத சமவெளியில் தோட்டம் போடுகிறவருக்கு இது பெரிய வசதி. அப்படி ஆண்டாண்டாய் நிலைத்துப் பூக்கும் செடிகளைப் பற்றிச் சில சேதிகள் இங்கே. சில தோட்டத்துக்கு உதவும், சில மெல்லுவதற்கு அவல்.

காகிதப்பூவில் பூ எது?

நாம் வியந்து பார்க்கும் ரோஸ், ஊதா, செங்கல் நிறம் எதுவும் பூவினுடையது அல்ல. அவை நிறம் மாறிய இலைகள். அவற்றை விலக்கிப் பாருங்கள், நடுவில் வெள்ளையாக மூன்று குட்டிக் குழல்கள் தெரியும். அவைதான் பூ. வண்டுகளை அழைக்கும் விளம்பரப் பலகை வேலையை இலையிடம் கொடுத்துவிட்டு, பூ ஒதுங்கி நிற்கிறது. இலை என்பதால்தான் நாள்கணக்கில் வாடாமல் இருக்கிறது.

இந்தக் கொடிக்குப் பெயர் வந்த கதை திரைப்படத்துக்கு ஏற்றது. உலகைச் சுற்றிவரக் கிளம்பிய பிரெஞ்சுக் கடலோடி பூகன்வீலின் கப்பல்கள் 1767-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நின்றன. கூட வந்த தாவரவியலாளர் கொமெர்சான் அங்கே இந்தக் கொடியைச் சேகரித்துத் தலைவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். கொமெர்சானுக்குக் காலில் தீராத உபாதை. மூட்டை சுமந்து, மலையேறிச் செடி பறித்ததெல்லாம் பெரும்பாலும் அவருடைய உதவியாளன்தான். அந்த உதவியாளன், ஆண் வேடம் போட்டுக் கப்பலேறியிருந்த ழான் பாரே என்ற பெண். கடற்படைக் கப்பலில் பெண்களுக்கு இடமில்லை என்பதால் அந்த வேடம். குட்டு வழியில் வெளிப்பட்டது என்றாலும் அவர் பின்னாளில் பிரான்சுக்குத் திரும்பிச் சேர்ந்தார். உலகைச் சுற்றிவந்த முதல் பெண் அவர்தான். காகிதப்பூவை முதலில் பறித்தது அவர் கைதான் என்று நம்புகிறவர்கள் உண்டு. கொடிக்குத் தலைவர் பெயர் போய்ச் சேர்ந்தது. பாரேயின் பெயர் ஒரு செடிக்கு வைக்கப்பட 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் தென் அமெரிக்காவில் வளரும் கத்தரிக் குடும்பத்துச் செடி ஒன்றுக்கு.

"எங்கள் வீட்டுக் காகிதப்பூ இலையாகவே தள்ளுகிறது" என்று புலம்புகிறவர்கள் முதலில் தண்ணீர்க் குழாயை மூடட்டும். காகிதப்பூ கொஞ்சம் காய்ந்தால்தான் பூக்கும். தினமும் தண்ணீரும் மாதந்தோறும் யூரியாவும் வைத்தால் அது எதற்குப் பூக்க வேண்டும்? மேல்மண் நன்றாக உலரட்டும், இலை சற்றுத் துவளத் தொடங்கட்டும், அப்புறம் ஊற்றுங்கள். குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். நிழலில் வைத்துவிட்டு உரக்கடைக்கு ஓடுவதில் பயனில்லை.

கல்வாழை: அறுநூறு ஆண்டு உறங்கிய விதை

அர்ஜென்டினாவின் வடமேற்கில் ஒரு பழங்கால இடுகாட்டை ஆராய்ந்தவர்களுக்கு, அக்ரூட் வகைக் கொட்டைக்குள் கல்வாழை விதை அடைத்துச் செய்த கிலுகிலுப்பை மாலை ஒன்று கிடைத்தது. அதன் வயது ஏறத்தாழ 600 ஆண்டு. அதிலிருந்த விதை ஒன்று முளைத்தது! இது 1960-களில் நடந்தது. கல்வாழை விதையின் ஓடு அவ்வளவு கெட்டி. துப்பாக்கி ரவைக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஜிம்பாப்வேயின் ஹோஷோ என்ற கிலுகிலுப்பையில் இன்றும் அதைப் போடுகிறார்கள். விதையிலிருந்து வளர்க்க விரும்பினால் உப்புத்தாளில் ஓட்டைத் தேய்த்து, வெள்ளைப் பகுதி தெரிந்ததும் ஓரிரவு வெந்நீரில் ஊற வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கொள்ளுப் பேரன்தான் பூவைப் பார்ப்பான்.

கல்வாழையிலும் பளிச்சென்று தெரிவது இதழ் அல்ல. மகரந்தம் தராமல் அகன்று போன கேசரங்கள் அவை. நிஜ இதழ்கள் கீழே சிறிதாக, பச்சையாக ஒளிந்திருக்கும். இதன் உறவுக்கார வகை ஒன்றின் கிழங்கு மாவில்தான் வியட்நாமியர் கண்ணாடி போன்ற சேமியா செய்கிறார்கள். நமக்கு உடனடியாகப் பயன்படக்கூடியது இன்னொன்று: குளியலறை, பாத்திரம் கழுவும் இடத்துத் தண்ணீர் வெளியேறும் வழியில் ஜல்லியும் மணலும் போட்டுக் கல்வாழை நட்டால் தண்ணீரிலிருக்கும் கழிவைச் செடி உணவாக எடுத்துக்கொள்ளும். சாக்கடை நாற்றம் குறையும், பூவும் கிடைக்கும்.

மதுரைக்கு மல்லி, மல்லிக்குத் தங்கச்சிமடம்

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லிக்கான நாற்றுகளில் பெரும்பகுதி ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம் பகுதியிலிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. மல்லிப் போத்து வேர்விட அந்தக் கடற்கரை மணல் தோதானது. மதுரையின் மணத்துக்கு அடித்தளம் கடலோரத்தில் இருக்கிறது.

இதே மல்லிதான் பிலிப்பைன்ஸின் தேசிய மலர். அங்கே அதற்குச் சம்பகீதா என்று பெயர், 1934 முதல் அந்தத் தகுதி. இந்தோனேசியாவும் தன் தேசிய மலர்களில் ஒன்றாக இதை வைத்திருக்கிறது.

வீட்டு மல்லி பூக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் கத்திரிக்கோல் மீதுள்ள பயம்தான். விவசாயிகள் நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து முழங்கால் அளவு, அதாவது 45–50 செ.மீ. விட்டு, மேலே இருப்பதை முழுக்கக் கவாத்து செய்கிறார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். மார்ச்சில் அதே செடி மொட்டாகக் கொட்டும். மல்லி புதுத் துளிரில்தான் பூக்கும், பழைய கிளையைக் கட்டிக்கொண்டு அழுதால் இலை மட்டும்தான் மிஞ்சும். கவாத்து முடிந்ததும் ஒரு கூடை தொழுவுரமும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் போட்டுத் தண்ணீர் விடுங்கள்.

நித்தியகல்யாணியும் ரத்தப் புற்றும்

மடகாஸ்கர் தீவில் பிறந்த செடி இது. ஜமைக்காவில் இதன் இலைக் கஷாயம் நீரிழிவுக்கு நாட்டு மருந்து. அதைச் சோதிக்க, 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் ஆகிய இருவரும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ஆனால் வெள்ளை அணுக்கள் சரிந்தன. வெள்ளை அணு கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்று? அந்த ஒரு கேள்வியிலிருந்து வின்பிளாஸ்டின் பிறந்தது. அடுத்து வந்த வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குத் தரும் கூட்டு மருந்துகளில் இன்றும் இடம்பெறுகிறது. பல நூறு கிலோ உலர்ந்த இலையிலிருந்து சில கிராம் மருந்து எடுப்பதே பெரும்பாடு. தமிழகத்தின் தென் மாவட்ட மானாவாரி நிலங்களில் இலைக்கும் வேருக்கும் என்றே இதைப் பயிரிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு வீட்டுச் செடியின் இலையைக் கசக்கிக் குடிக்கக் கிளம்பாதீர்கள். செல் பெருகுவதைத் தடுக்கும் நஞ்சு அது. மருத்துவமனையில் மில்லிகிராம் கணக்குப் பார்த்து ஏற்றுகிறார்கள்.

கனகாம்பரத்தின் வேட்டு

முற்றிய கனகாம்பரக் கதிரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடிகளில் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். மழை வந்த பிறகே விதையை மண்ணுக்கு அனுப்பும் ஏற்பாடு. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். மணம் இல்லை என்பதற்காக இதை ஒதுக்குகிறவர்கள், பறித்து இரண்டு நாள் ஆனாலும் வாடாத வேறு தலைப்பூ எது என்று சொல்லட்டும். ஸ்வீடனில் உருவான 'மோனா வால்ஹெட்' என்ற ரகம் ஐரோப்பாவில் ஜன்னலோரத் தொட்டிச் செடியாகப் பிரபலமானது. சந்தையில் பேர்பெற்ற டெல்லி கனகாம்பரத்தில் விதை பிடிக்காது. போத்து வைத்துத்தான் பெருக்க முடியும்.

இட்லிப்பூ மஞ்சளாவது ஏன்?

இட்லிப்பூ என்று நாம் சொல்லும் வெட்சி, சங்க காலத்தில் ஆநிரை கவரப் போகும் வீரர்கள் சூடிய பூ. இன்றைக்கு அது அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் சதுரமாக வெட்டப்பட்டு நிற்கிறது. இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறதா? அது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லை என்று பொருளில்லை. சுவரோரம் கொட்டிய சிமென்ட்டும் சுண்ணாம்பும், ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரும் மண்ணைக் காரமாக்கி, இரும்பை வேர் எடுக்க முடியாதபடி செய்துவிடுகின்றன. நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும் அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலை வேளையில் இலை மேல் தெளியுங்கள், பச்சை திரும்பும். தொழுவுரமும் இலை மட்கும் தொடர்ந்து போட்டால் மண்ணே மெல்ல மாறும். மல்லிக்கும் இதே வைத்தியம். இந்த மண்ணில் போய் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறவர்கள், ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் மேலும் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள்.

அரளி: அணுகுண்டுக்குப் பின்னும் பூத்தது

1945-இல் ஹிரோஷிமா எரிந்து கரியான பிறகு, அந்த மண்ணில் முதலில் பூத்தவற்றுள் அரளி ஒன்று. இன்று அது அந்த நகரத்தின் அதிகாரபூர்வ மலர். நம் தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் மைல்கணக்கில் அரளி நிற்பதும் அழகுக்காக மட்டும் அல்ல. புகை, தூசி, வறட்சி மூன்றையும் தாங்கும், ஆடு மாடு கடிக்காது, எதிரே வரும் வண்டியின் விளக்கு வெளிச்சத்தை மறைக்கும். உவர்ப்பு நீர் மட்டுமே உள்ள வீடுகளுக்கும் இது கைகொடுக்கும்.

குமரி மாவட்டத் தோவாளையின் மாணிக்க மாலையில் அரளிதான் முக்கியப் பூ. வெள்ளையும் சிவப்புமாக அரளியும் நொச்சி இலையும் மடித்துக் கோத்து, பாய் விரித்தது போலத் தட்டையாகக் கட்டுவார்கள். அதே குமரிக்கு அடுத்த கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ சேர்ப்பதை நிறுத்தின. இலை, பூ, பட்டை, விதை என்று செடி முழுக்க இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருப்பதே காரணம். மாலைக்கும் அர்ச்சனைக்கும் சரி, வாயில் போடும் பொருளோடு கலக்கக் கூடாது என்ற அந்த முடிவு சரியானது என்பேன். வெட்டிய அரளிக் குச்சியை எரிக்கவும் வேண்டாம், புகையும் கெடுதல். மஞ்சள் அரளி வேறு செடி, அதன் காய் இன்னும் மோசம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இரண்டும் வேண்டாம்.

இவ்வளவு நஞ்சையும் தின்று வளரும் புழு ஒன்று உண்டு. கறுப்பு இறக்கையில் வெண்புள்ளி வைத்த ஒரு பட்டாம்பூச்சி அரளி இலையில் முட்டையிடும். புழு அந்த நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. அதன் கூட்டுப்புழு வெள்ளிக் குமிழ் போல மினுங்கும். அரளியில் இலை ஓட்டை விழுந்தால் மருந்தடிக்கும் முன் இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். நந்தியாவட்டையில் விரல் பருமனுக்குப் பச்சைப் புழுவும், தலைப்பக்கம் இரண்டு நீலக் கண்ணும் தெரிந்தால், அது ஓர் அந்துப்பூச்சியின் புழு. நீலக் கண் பொய்க்கண், எதிரியை மிரட்ட. நாலு இலை போனால் போகட்டும், விட்டுவிடுங்கள்.

செம்பருத்தியும் புவெர்ட்டோ ரிக்கோக் குளவியும்

செம்பருத்திப் பூவின் ஆயுள் பெரும்பாலும் ஒரே நாள். ஆனால் ஆண்டு முழுக்க ஒரு நாளும் தவறாமல் பூக்கும். யாழ்ப்பாணத்தில் செவ்வரத்தை, மலேசியாவில் 1960 முதல் தேசிய மலர். தேன்சிட்டு சில நேரம் பூவுக்குள் அலகை விடாமல், அடிப்பக்கத்தைத் துளைத்துத் தேனை எடுத்துவிடும். மகரந்தம் சுமக்கும் வேலை செய்யாமல் கூலி மட்டும் வாங்கிக்கொள்கிற திருட்டு.

2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் புதிதாக ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி. ஓரிரு ஆண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, ஆமணக்கு, வீட்டுச் செம்பருத்தி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கிளை நுனியெல்லாம் பஞ்சு ஒட்டியது போல வெளுத்துச் சுருண்டது. பட்டுப்புழு வளர்ப்பவர்களின் பாடு திண்டாட்டம், மல்பெரியில் மருந்தடித்தால் புழு சாகும். மருந்துகளும் சரியாகப் பலிக்கவில்லை. அந்தப் பூச்சியின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சில் மருந்து வழிந்து போய்விடும். 2010-இல் பெங்களூரின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளைத் தருவித்தது. கொசுவைவிடச் சிறியவை. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்று முடிப்பவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கிக் கிராமம் கிராமமாக விட்டது. ஒன்றிரண்டு ஆண்டில் பூச்சி அடங்கியது. மருந்தால் முடியாததைக் குளவி முடித்தது, அதுவும் கிட்டத்தட்டச் செலவே இல்லாமல்.

இதிலிருந்து வீட்டுத் தோட்டக்காரருக்கு ஒரு பாடம் உண்டு. செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு கண்டால் குழாயைத் திறந்து வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், மோசமான நுனிகளை வெட்டி எறியுங்கள், அடித்தண்டில் எறும்பு ஏறாமல் பாருங்கள். எறும்புதான் மாவுப்பூச்சியின் காவல்காரன், பூச்சி வெளியிடும் இனிப்புக்காகக் குளவிகளை விரட்டும். மாவுப்பூச்சி பழுப்பாகி, உப்பி, ஓட்டையோடு கிடந்தால் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்போது எதையும் தெளிக்கக் கூடாது, வேப்பெண்ணெய் உட்பட.

மாநில மலர், செத்துப் பிழைப்பது

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 மலர்களில் முதலாவது இதுதான். இலங்கைத் தமிழர்களுக்குக் கார்த்திகைப்பூ. ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. அந்த நாடு தெற்கு ரொடீசியாவாக இருந்தபோது, 1947-இல் பிரிட்டன் இளவரசி எலிசபெத்தின் 21-வது பிறந்த நாளுக்கு அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் கொடுத்த பரிசு, செங்காந்தள் வடிவத்தில் வைரம் பதித்த உடை ஊசி.

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் போய்ச் செங்காந்தள் என்று கேட்டால் சிலர் விழிப்பார்கள், கண்வலிக் கிழங்கு என்று சொல்லுங்கள். அங்கே இது பூவுக்கான செடி அல்ல, விதைக்கான பயிர். விதையிலுள்ள கோல்சிசின் என்ற பொருள் கீல்வாத மருந்தாகிறது. தாவர ஆராய்ச்சியில் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கவும் அதையே பயன்படுத்துகிறார்கள், விதையில்லாத தர்ப்பூசணி அந்த வழியில் வந்தது. விதையின் விலை கிலோ ஆயிரங்களில் போகும், ஏற்றுமதிச் சரக்கு.

பயிர் செய்வதுதான் சிரமம். இந்தப் பூவின் சூல்தண்டு மகரந்தப் பைகளைவிட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கி நிற்கும். தன் மகரந்தம் தன் மேல் படாதிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு. விவசாயிக்கு அது தலைவலி. அதனால் பூக்கும் பருவத்தில் காலையிலேயே தோட்டத்தில் இறங்கி, ஒவ்வொரு பூவாக, கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் படர்வதால், கிளுவை முள்ளோ கம்பிப் பந்தலோ போட்டுக் கொடுக்கிறார்கள்.

வீட்டில் வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, மாசிவாக்கில் கொடி காய்ந்ததும் தொட்டியைக் கவிழ்ப்பது. செடி சாகவில்லை, கலப்பை வடிவக் கிழங்கு மண்ணுக்குள் உறங்குகிறது. தண்ணீரை நிறுத்தி அப்படியே விடுங்கள், ஆடி ஆவணியில் தானே முளைக்கும். கிழங்கு கடும் நஞ்சு. சேனை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு கிடக்கும் கூடையின் பக்கத்தில்கூட வைக்க வேண்டாம்.

பொழுது சாய்ந்தால்

ரங்கூன் மல்லி மாலையில் வெள்ளையாக மலரும், மறுநாள் ரோஸ், அடுத்து சிவப்பு. வெள்ளை நிறமும் மணமும் இரவில் அந்துப்பூச்சிக்கு, பிந்திய நிறங்கள் பகலில் வரும் தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும். ஒரு கொத்தில் மூன்று நிறமும் தெரிவது இதனால்தான்.

ஈழத்தலரிப் பூவில் தேனே கிடையாது. இரவில் வீசும் மணத்தை நம்பி அந்துப்பூச்சி பூப்பூவாக ஏறி இறங்கி ஏமாறும், அந்த ஏமாற்றத்தில் மகரந்தம் இடம் மாறிவிடும்.

அந்திமந்தாரை பெரு நாட்டுச் செடி. ஒரே செடியில் மஞ்சளும் ரோஸும் கலந்து பூக்கும் இதை வைத்துத்தான் ஜெர்மானியர் காரல் கோரென்ஸ் 1909-இல் புது உண்மை ஒன்றைக் காட்டினார்: இலையில் வெள்ளைத் திட்டு வருவது தாய் வழியில் மட்டுமே கடத்தப்படுகிறது, மகரந்தம் எந்தச் செடியினுடையது என்பது பொருட்டே அல்ல. மேலே செடி வாடினாலும் கிழங்கு இருந்தால் மழைக்கு மறுபடி வரும்.

மனோரஞ்சிதமும் இரவு ராணியும் வைத்தால் பாம்பு வரும் என்பார்கள். பாம்பு பூவை மோப்பம் பிடித்து வருவதில்லை. புதர் அடர்ந்த இடத்தில் எலியும் தவளையும் இருக்கும், பாம்பு வருவது அதற்காக. அடிக்கிளைகளைக் கழித்துத் தரை தெரியும்படி வையுங்கள், பயம் வேண்டாம். மனோரஞ்சிதத்தின் பூக்காம்பே கொக்கியாக வளைந்து, அதைப் பிடித்துக்கொண்டுதான் கொடி மேலே ஏறுகிறது என்பது கூடுதல் தகவல்.

சில துளிகள்

நிலசம்பங்கி மெக்சிகோவிலிருந்து வந்தது. ரயில் கற்றாழைக்கு நெருங்கிய சொந்தம். ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூக்கும், பக்கக் கிழங்குகள்தான் அடுத்த ஆண்டுக்கு. ஆகவே பூத்து முடிந்த தூரைப் பிரித்து நடுவது அவசியம்.

சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம், எலுமிச்சை பிழிந்தால் ஊதா. அவரைக் குடும்பம் என்பதால் வேரில் தழைச்சத்தைச் சேர்த்து மண்ணுக்கும் நல்லது செய்யும். மலேசியாவின் கிளந்தான் பகுதியில் நாசி கெராபு சோற்றுக்கு நீல நிறம் தருவது இந்தப் பூ.

சிங்கப்பூரின் தேசிய மலர் ஒரு கலப்பின ஆர்க்கிட். ஆர்மீனியக் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்னஸ் ஜோகிம் என்ற பெண்மணியின் தோட்டத்தில் உருவானது. 1893-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது, 1981-இல் தேசிய மலரானது. நிழலும் ஈரமும் தேடாமல் கொளுத்தும் வெயிலில் நின்று பூக்கும் ஆர்க்கிட் அது.

இமயமலை அடிவாரத்தில் காடாக வளரும் வெள்ளை இஞ்சிப்பூ, கியூபாவின் தேசிய மலர். ஸ்பெயினுக்கு எதிரான போரின்போது பெண்கள் இந்தப் பூவைத் தலையில் சூடி, அதற்குள் ரகசியச் சீட்டுகளைக் கடத்தினார்கள் என்று அங்கே சொல்கிறார்கள்.

பவழமல்லியின் ஆரஞ்சுக் காம்பில் இருக்கும் சாயம் குங்குமப்பூவின் நிறப்பொருளுக்கு உறவு. காம்பைக் கிள்ளி உலர்த்தித் துணிக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

நர்சரியில் பாலைவன ரோஜா என்று விற்கும் அடேனியத்தின் பாலை ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவினார்கள். வெட்டிய பின் கையைக் கழுவுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள்.

ஹெலிகோனியா வாங்குகிறவர்கள் தொட்டியில் நெருக்காமல் தரையில் நடுங்கள், அது பக்கவாட்டில் நடக்கும் செடி. கரீபியத் தீவுகளில் ஒரே இன ஹம்மிங் பறவையில் ஆணின் அலகு ஒரு ஹெலிகோனியாவுக்கும், நீண்டு வளைந்த பெண்ணின் அலகு வேறொரு ஹெலிகோனியாவுக்கும் பொருந்தி அமைந்திருக்கிறது.

விருந்தாளியாக வந்து வீட்டைப் பிடித்தது

எல்லாச் செடியும் வாங்க வேண்டிய செடி அல்ல. உண்ணிச்செடியை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாகக் கொண்டுவந்தார்கள். மஞ்சளும் ரோஸும் கலந்த கொத்து, பட்டாம்பூச்சிக்குப் பிடித்தது, ஆடு தொடாது என்று எல்லாம் நல்ல குணமாகவே தெரிந்தன. பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் போட்டன. இன்று முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் புல்லை நெருக்கி, மானுக்கும் யானைக்கும் மேய்ச்சல் இல்லாமல் செய்திருப்பதில் இதற்குப் பெரும் பங்கு. கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் அந்தக் குச்சியிலேயே ஆளுயரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் செய்தார்கள். 2021-இல் அவை லண்டன் பூங்காக்களில் அணிவகுத்து நின்றன. காட்டை அண்டிய ஊர்களில் வீட்டில் உண்ணிச்செடி நடுவதை நான் ஆதரிக்க மாட்டேன், எத்தனை நிறத்தில் விற்றாலும் சரி.

இலவசமாக ஒரு தோட்டம்

செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, அரளி, மல்லி, காகிதப்பூ எல்லாமே போத்தில் வரும். பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணு இருக்கிற குச்சி போதும். கீழ்க்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, இலைகளைக் கிள்ளிவிட்டு, பாதி நீளத்துக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி நட்டு நிழலில் வையுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது, மண் காயவும் கூடாது. காகிதப்பூ கொஞ்சம் தாமதம் செய்யும், அவசரப்பட்டுப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். ஈழத்தலரியும் அடேனியமும் நேர்மாறு: வெட்டியதும் நடாதீர்கள். வெட்டு வாய் காயும் வரை ஒரு வாரமாவது நிழலில் போட்டு வைத்து அப்புறம் நடுங்கள், இல்லாவிட்டால் அழுகும்.

போத்து வைக்கச் சரியான காலம் காற்றில் ஈரம் நிற்கும் ஐப்பசி, கார்த்திகை. கோடையில் பிளாஸ்டிக் தொட்டியோடு காசு கொடுத்து வாங்கி, வாடவிட்டு, மறுபடி வாங்குவதைவிட இது மேல். இந்த ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு செம்பருத்திக் குச்சி கேட்டு வாங்குங்கள். பதிலுக்கு உங்கள் நந்தியாவட்டையில் இரண்டு வெட்டிக் கொடுங்கள்.